வாசகர் கேள்வி பதில்: ஆலயப் பாடகர் குழுவுக்கு ஹாலோ பாடியா, செமி ஹாலோவா?

கேள்வி: ஆலயப் பாடகர் குழுவில் பத்து ஆண்டுகளாகச் சாலிட் பாடி (உள்ளே கூடில்லாத கட்டை உடல்) கிட்டார் வாசித்துவருகிறேன். அதன் ஒலி எனக்கு வறட்சியாகத் தோன்றுவதால், எஃப் வடிவத் துளைகள் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்க விரும்புகிறேன். முழு ஹாலோ பாடி நல்லதா, செமி ஹாலோ நல்லதா? தங்களுக்குப் பிடித்தது எது? — ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: எனக்குப் பிடித்ததும் உங்களுக்கு ஏற்றதும் ஒன்றல்ல. எனக்குப் பிடித்தது, உடல் முழுவதும் உள்ளே கூடாக இருக்கும் முழு ஹாலோ. குறிப்பாக, கிப்சன் நிறுவனம் 1949இல் கொண்டுவந்த இஎஸ்-175. இரவில் வீட்டுத் திண்ணையில் ஆம்பின் ஒலியைக் குறைத்துவைத்து அதை வாசிக்கும்போது, கம்பியின் ஒலியோடு மரத்தின் மூச்சும் சேர்ந்து வரும். ஆனாலும் உங்களை, கூட்டின் நடுவே கட்டை வைத்த செமி ஹாலோவைத்தான் வாங்கச் சொல்வேன்.

காரணம், நீங்கள் நின்று வாசிக்கும் இடம். நம் பக்கத்து ஆலயங்களில் பாடகர் குழுவுக்கு ஒரு மூலையைத்தான் ஒதுக்குகிறார்கள். ஸ்பீக்கர் பெட்டியோ முதுகுக்குப் பின்னால் இருக்கும். வீணையின் குடத்தைப் போலவே முழு ஹாலோவின் உடலும் ஒலியை ஏற்று அதிர்வதற்கென்றே அமைந்தது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி அதன் மேற்பலகையையும் உள்ளே இருக்கும் காற்றையும் அதிரவைக்க, அந்த அதிர்வு கம்பிக்கும், கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்புக்கும் போய், மேலும் பெரிதாகி ஸ்பீக்கர் வழியே திரும்பி வருவதால், சற்று நேரத்தில் ஒரே சுரம் ஊளையிடத் தொடங்கிவிடும். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிறிஸ்துமஸ் இரவு ஆராதனையில், ஆறாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டைத் தொட்டபோதெல்லாம் என் கிட்டார் அப்படித்தான் அலறியது. கைக்குட்டையை எஃப் துளைக்குள் திணித்து ஒருவாறு சமாளித்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அமெரிக்க ப்ளூஸ் இசைக்கலைஞர் பி.பி. கிங்கே துளைகளில் துணி அடைத்து வாசித்தவர்தான். 1980இல் கிப்சன் அவர் பெயரில் வெளியிட்ட கிட்டாரில் எஃப் துளைகளே இல்லை.

இந்தத் தொல்லைக்கு 1958இல் கிப்சன் கண்ட வழிதான் இஎஸ்-335 என்ற செமி ஹாலோ. இரு பக்கமும் கூடாக விட்டு, நடுவில் மட்டும் கழுத்திலிருந்து அடிவரை ஒரு மரக்கட்டையை வைத்தார்கள். அகலம் ஏறக்குறைய 175க்கு உள்ள அதே 16 அங்குலம்தான். ஆனால் 175இன் பக்கப் பலகை 3 அங்குலத்துக்கும் மேல் ஆழமாக இருக்க, 335இன் ஆழம் 2 அங்குலத்தை எட்டாது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் நடுக்கட்டையில் ஊன்றி நிற்பதால் மேற்பலகை எளிதில் அதிராது.

வாங்கும்போது ஒன்றில் கவனமாக இருங்கள்: வெளித்தோற்றத்தை நம்ப முடியாது. எபிஃபோன் கசினோ பார்ப்பதற்கு 335இன் உடன்பிறப்புப் போலவே மெலிதாக இருக்கும். உள்ளே கட்டையே கிடையாது. பீட்டில்ஸ் குழுவினர் வாசித்த கிட்டார் என்று கேள்விப்பட்டு அதை வாங்கிவிட்டு, செமி ஹாலோ என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கடையில் கைபேசியின் டார்ச்சை எஃப் துளை வழியே அடித்துப் பாருங்கள். வெளிச்சம் உள்ளே ஒரு மரச்சுவரில் முட்டி நின்றால் அது செமி ஹாலோ. எதிர்ப்பக்கத் துளைவரை போனால் முழு ஹாலோ. அதன் பிறகு ஆம்பின் ஒலியைக் கூட்டிவைத்து, அதற்கு நேர் எதிரே நின்று, ஆறாம் கம்பியை ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிட வீங்கி ஒலித்தால், ஆலயத்தில் ஊளையிடப்போவது அதுதான்.

கிப்சனின் விலை நம் கைக்கு எட்டாது. ஐபனெஸ் ஆர்ட்கோர் வரிசையின் ஏஎஸ்73, எபிஃபோனின் 335, கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர் வரிசையில் நடுக்கட்டை உள்ள மாடல் ஆகிய மூன்றையும் மடியில் வைத்துப் பாருங்கள். பாடகர்களுக்குப் பின்னணியாக வாசிக்க நான் ஐபனெஸைத்தான் எடுப்பேன். சுரத்தை அசைக்க உதவும் பிக்ஸ்பி கைப்பிடி வைத்த மாடல் உங்களுக்கு வேண்டாம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் கம்பி மாற்றுவதற்குள் பொறுமை போய்விடும்.

ஆனி மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து பெய்யும் நம் மாவட்டத்தில் முழு மரப்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பி, கம்பியை உயர்த்திவிடும். ஒட்டுப்பலகை அந்த அளவுக்கு அசைந்துகொடுப்பதில்லை. 335 வகைக் கிட்டார்கள் பெரும்பாலும் ஒட்டுப்பலகையில் செய்யப்படுவதால், கடைக்காரர் அதையே குறையாகச் சொன்னாலும் நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: என் செமி ஹாலோவின் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்கிறது. பின்பக்கம் திறக்க மூடியே இல்லையே? — ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஆம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனரின் மெல்லிய குழாயை எஃப் துளை வழியே நுழைத்து, குமிழின் அடியில் இருக்கும் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மின்பாகம்) மீது சிறிதளவு அடியுங்கள், பின்னர் குமிழை இருபது முறை இரு பக்கமும் திருப்புங்கள். பெரும்பாலும் தூசிதான் காரணம் என்பதால் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் பாட்டை மாற்ற வேண்டியதுதான். அப்போது குமிழைக் கழற்றினால் வெளியே தெரியும் அதன் தண்டில் ஒரு நீண்ட தூண்டில் நரம்பைக் கட்டிய பிறகே நட்டைக் கழற்றி, பாட்டை உள்ளே இறக்கி, எஃப் துளை வழியே வெளியே எடுக்க வேண்டும். நரம்பின் மறுமுனையைக் குமிழ்த் துளைக்கு வெளியே ஒட்டிவையுங்கள். புதிய பாட்டைப் பற்றவைத்த பின், அதே நரம்பை அதன் தண்டில் கட்டி இழுத்தால் அது தன் துளைக்கே வந்து சேரும். நரம்பு கட்ட மறந்து, ஒரு பிற்பகல் முழுவதும் இடுக்கியோடு எஃப் துளைக்குள் நான் துழாவியிருக்கிறேன்.