ட்ரிபிள் 20-ஐக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்: டார்ட்ஸ் கேள்வி-பதில்

பல மாதங்களாக ட்ரிபிள் 20-க்கே (மூன்று மடங்கு புள்ளி தரும் குறுகிய வளையத்தில் 20-ன் பகுதி) குறி வைக்கிறேன். மூன்று டார்ட் எறிந்தால் பெரும்பாலும் 26 தான் வருகிறது. குறி எப்போது திருந்தும்?

26 என்றால் 20, 5, 1. இந்த விளையாட்டில் எல்லோரையும் துரத்தும் எண் அது. 20-க்கு ஒரு பக்கம் 5, மறுபக்கம் 1. சற்று விலகினாலும் தண்டனைதான். ட்ரிபிள் வளையத்தின் அகலமோ வெறும் 8 மில்லிமீட்டர். நீங்கள் நிற்பது 2.37 மீட்டர் தள்ளி.

ஆட்டத்தில் புள்ளி சேர வேண்டுமென்றால் போர்டின் கீழ் இடது பக்கத்தைப் பாருங்கள். 19, 7, 16, 8, 11, 14 என்று வரிசையாக இருக்கும். 7-ஐப் பார்த்து எறிந்து எந்தப் பக்கம் தவறினாலும் 19 அல்லது 16 கிடைக்கும். சிதறல் அதிகமுள்ளவர்கள் 20-ஐத் துரத்துவதைவிட இந்தப் பக்கம் எறிந்தால் சராசரி கூடும் என்று புள்ளியியலாளர்களே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

பயிற்சி வேறு விஷயம். அங்கே புள்ளியைப் பார்க்காதீர்கள். மூன்று டார்ட்டும் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று மட்டும் பாருங்கள். மூன்றும் 5-ல் ஒட்டி நின்றால் 15 தான், ஆனால் நான் கைதட்டுவேன். ஒரு ட்ரிபிள் 20, ஒரு 12, ஒரு 18 என்று 90 எடுத்தால் அது அதிர்ஷ்டம். நெருக்கமாக விழுபவற்றை இடம் மாற்றுவது சுலபம். சிதறி விழுந்தால் எதைத் திருத்துவது என்றே தெரியாது.

நான் வலது கைக்காரன். டார்ட் எப்போதும் வலப்பக்கமே போகிறது. இடப்பக்கம் தள்ளிக் குறி வைக்கலாமா?

வேண்டாம். ஒரே பக்கம் போகிறது என்பது நல்ல செய்தி. மேலே சொன்ன நெருக்கம் உங்களிடம் ஓரளவு இருக்கிறது. முதலில் கோட்டில் சற்று இடமோ வலமோ நகர்ந்து நின்று எறிந்து பாருங்கள். அப்புறம் யாரையாவது முன்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், போர்டுக்கு ஓரமாக, பத்திரமான தூரத்தில் நின்று! முழங்கை வெளியே சாய்கிறதா, டார்ட்டை விடும்போது கடைசி விரல் ஒட்டிக்கொண்டு தள்ளுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். டார்ட் போன பிறகும் கை குறியை நோக்கி நீண்டிருக்க வேண்டும். பாதியில் பின்னால் இழுப்பவர்கள்தான் அதிகம்.

கண்ணையும் சோதியுங்கள். கட்டைவிரலை நீட்டி தூரத்தில் ஒரு பொருளை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகரவில்லையோ அதுவே உங்கள் முதன்மைக் கண். வலது கையால் எறிபவருக்கு அது இடது கண்ணாகவும் இருக்கலாம். அப்படியானால் டார்ட்டை அந்தக் கண்ணின் பக்கம் சற்றுக் கொண்டுவந்து பாருங்கள்.

எத்தனை கிராம் டார்ட் வாங்க வேண்டும்?

விதிப்படி 50 கிராம் வரை போகலாம். ஆனால் பெரும்பாலானோர் 20-லிருந்து 26-க்குள் நின்றுவிடுவார்கள். நடுவில் ஒன்றை எடுத்து, சில மாதங்களுக்கு மாற்றாமல் எறியுங்கள். வாரம் ஒரு டார்ட், ஒரு ஃப்ளைட் (டார்ட்டின் வால் இறகு) என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முன்னேறி நான் பார்த்ததில்லை.

501 ஆட்டத்தில் வேகமாக இறங்கிவிடுகிறேன். கடைசி டபுளில் மாட்டிக்கொள்கிறேன்.

501-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் இந்த ஆட்டத்தை ஒரு டபுளில், அதாவது இரு மடங்கு புள்ளி தரும் வெளி வளையத்தில், முடிக்க வேண்டும். ஆகவே எதை மிச்சம் வைக்கிறீர்கள் என்று யோசியுங்கள். 32 மிச்சமிருந்தால் டபுள் 16. தவறி சிங்கிள் 16 விழுந்தால் டபுள் 8. அதுவும் சிங்கிளானால் டபுள் 4, பிறகு டபுள் 2, டபுள் 1. எங்கும் ஒற்றைப்படை வராது. 40-ல் நின்றால் 20, 10 என்று இறங்கி 5-ல் சிக்கிக்கொள்வீர்கள். ஒரு டார்ட்டை வீணாக்கித்தான் மறுபடி இரட்டைப்படைக்கு வர முடியும்.

பயிற்சிக்கு ‘பாப்ஸ் 27’ என்ற ஆட்டத்தைவிட நல்லது எனக்குத் தெரியாது. 27 புள்ளியுடன் தொடங்கி, டபுள் 1-க்கு மூன்று டார்ட், டபுள் 2-க்கு மூன்று என்று போக வேண்டும். விழும் ஒவ்வொரு டார்ட்டுக்கும் அந்த டபுளின் மதிப்பு கூடும். மூன்றும் தவறினால் அதே மதிப்பு ஒருமுறை குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆட்டம் முடிந்தது. ஒன்றுகூட விழாவிட்டால் டபுள் 5-லேயே வெளியே! தனியாக எறியும்போதும் நெஞ்சு படபடக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

சில நாட்களாக டார்ட்டை விடவே கை மறுக்கிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை. டார்ட்டைட்டிஸ் என்பார்கள். ஐந்து முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோவையே அது படுத்தியெடுத்தது. சில நாள் ஓய்வு கொடுங்கள். திரும்பி வரும்போது எண்களை மறந்து, போர்டில் எங்கே பட்டாலும் சரி என்று எறியுங்கள். பக்கத்தில் நின்றுகூட எறியலாம். கை தயங்காமல் விடத் தொடங்கிய பிறகு குறியைப் பற்றி யோசிக்கலாம்.

டார்ட் அடிக்கடி தெறித்து விழுகிறது.

விழுந்த டார்ட்டுக்குப் புள்ளி கிடையாது, ஆகவே முனையைக் கவனியுங்கள். கம்பியில் பட்டு முனையில் பிசிர் வந்திருக்கும். சாணைக்கல்லில் லேசாக உருட்டித் தேயுங்கள். ஊசிபோலக் கூராக்க வேண்டாம், போர்டின் நார் கிழியும். எண் வளையத்தைக் கழற்றி போர்டை அவ்வப்போது சுழற்றி மாட்டினால், 20-ன் பகுதி மட்டும் நைந்து போகாது.