ஸ்கேனிலேயே கட்டி தெரிகிறதே, அப்புறம் மரபணுச் சோதனை எதற்கு?

கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்பதை ஸ்கேன் காட்டிவிடும். அது என்ன ரகம் என்று சொல்வது பெரும்பாலும் கட்டியிலிருந்து எடுக்கும் திசுதான்; மரபணுச் சோதனையும் அதில்தான் நடக்கிறது.

மூளைக் கட்டியையே எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் நுண்ணோக்கியில் செல் எப்படித் தெரிகிறது என்பதை வைத்தே பெயர் வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில், பெரியவர்களுக்கு வரும் சுற்றியுள்ள திசுவுக்குள் பரவி வளரும் கிளையோமாக்களைப் (மூளையின் துணைச் செல்களில் உருவாகும் கட்டிகள்) பிரிக்கும் முக்கியமான கேள்வி, செல்லின் வளர்சிதை மாற்றத்தில் பங்குள்ள ஐடிஎச் (IDH) மரபணு மாறியிருக்கிறதா என்பதுதான். மாறியிருந்தால், பார்வைக்கு எவ்வளவு மூர்க்கமாக இருந்தாலும் அதை இப்போது கிளையோபிளாஸ்டோமா (மிக மூர்க்கமான ரகம்) என்று அழைப்பதில்லை. வெறும் பெயர் விவகாரம் இல்லை இது. அந்த மாற்றம் உள்ளவர்கள் பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள்.

சரி, ஸ்கேனும் சும்மா இருக்கவில்லை. ஐடிஎச் மாறிய செல்கள் 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற பொருளைக் குவிக்கும். எம்ஆர்ஐ கருவியிலேயே திசுவின் வேதிப்பொருள்களை அளக்கும் எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபியால் மண்டையைத் திறக்காமலே அதை மோப்பம் பிடிக்கலாம். சின்னக் கட்டியில் மட்டும் தடுமாறும்.

எனக்கு இன்னும் பிடித்த உதாரணம் புராஸ்டேட் புற்றுநோய். வழக்கமான பெட் ஸ்கேனில் கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்துவார்கள். இந்தப் புற்றோ பல நேரங்களில் சர்க்கரையை அவ்வளவாக இழுக்காது. அதனால் அதன் செல்களில் மிகுந்திருக்கும் பிஎஸ்எம்ஏ புரதத்தில் ஒட்டும் மூலக்கூறோடு காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளை இணைத்து அனுப்புகிறார்கள். கட்டி பளிச்சென்று தெரியும். காலியத்துக்குப் பதில், செல்லை அழிக்கும் கதிர்வீச்சு தரும் லுட்டீசியம்-177ஐ வைத்தால் அதே வழி சிகிச்சையாகிவிடுகிறது!

திசுச் சோதனைக்கும் ஒரு குறை உண்டு. ஊசி ஒரே இடத்தைத்தான் தொடும். அதே கட்டியின் மறுபக்கம் வேறு மாற்றங்கள் இருக்கலாம். அதனால்தான் ஸ்கேன், திசுச் சோதனை இரண்டையும் கேட்கிறார்கள்.