மார்பிள் பூச்சும் அம்மாவின் கட்டிலும்

கேள்வி: கிருஷ்ணகிரியில் எங்கள் வீடு கட்டி 14 வருடம் ஆகிறது. தையில் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஹாலில் பத்துக்குப் பன்னிரண்டடிச் சுவர் ஒன்றுக்கு மார்பிள் மாதிரி பெயிண்ட் அடிப்பதா, மர ரேகை மாதிரியா? சுவரின் மறுபக்கம் அம்மா அறை. அங்கே பாத்ரூம் ஓரமாக இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருக்கிறது. அம்மா கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள், அதனால் அவசரமில்லை.

பதில்: "அதனால் அவசரமில்லை" என்று எப்படி எழுத மனம் வந்தது? பெற்றவள் சுவருக்குப் பயந்து கட்டிலை நகர்த்தியிருக்கிறாள். ஈரச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். வயதானவர்களுக்கு இருமலும் இளைப்பும் கூடும். அந்த அறையைத் தாண்டி வருகிறவர்களுக்கு மார்பிள் காட்டப் போகிறீர்களா?

சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் ஏறும் ஈரம் இந்தப் பக்கமும் வரும். மார்பிள் பூச்சுக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே உப்பு தள்ளும், பட்டியோடு பொருக்கு பொருக்காகக் கழன்று விழும். சாதாரண எமல்ஷன் என்றால் ஓரளவு ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். மார்பிள் பூச்சில் ஒட்டு அப்படியே தெரியும், மூலைக்கு மூலை முழுச் சுவரையும் திரும்ப அடிக்க வேண்டும்.

முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள். இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மேல் தொட்டி மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் பைப்பில் கசிவு. இறங்காவிட்டால் பாத்ரூம் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள்; குறைந்தால் தரையிலோ வடிகால் ஜாயின்ட்டிலோ கோளாறு.

அதைச் சரிசெய்த பிறகுதான் சுவர். ஈரக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து செங்கல்லுக்குள்ளேயே திரும்பப் போய்விடும். செங்கல் நன்றாக ஆறட்டும். பிறகு ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு மணல் கலவையில், சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்ப்ரூஃப் திரவம் சேர்த்துப் பூசி, ஏழு நாள் தண்ணீர் காட்டி, மொத்தம் 28 நாளாவது காயவிட வேண்டும். தைக்குள் முடியாதென்றால் முடியாதுதான். "மேலே ரெண்டு கோட்டு பட்டி போட்டா மறஞ்சிடும்" என்கிற பெயிண்டரை அனுப்பிவிடுங்கள்.

பெயிண்ட் அடிக்கும் முன் ஒன்றரையடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்க்காவிட்டால் ஆரம்பிக்கலாம்.

அந்த அளவுச் சுவருக்கு மார்பிள் போதும். மர ரேகை ஹாலை இருட்டாக்கும். இரண்டடிப் பலகையில் மாதிரி அடித்துப் பகலிலும் டியூப்லைட்டிலும் பாருங்கள். மார்பிள் ரேகைக்கு அடிக்கும் மெல்லிய பூச்சான கிளேஸை மூன்றடி மூன்றடியாக, இரண்டு பேர் சேர்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு அடிக்க வேண்டும். ஓரம் காய்ந்துவிட்டால் இணைப்புக் கோடு விழும்.

ஆனால் முதல் டப்பா அம்மா அறைக்குத் திறக்கட்டும். வெறும் எமல்ஷன் போதும். நிறத்தை அவரிடம் கேளுங்கள்.