புற்றுநோய் யாருக்கு, ஏன் வருகிறது?

திசுப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் புற்றுநோய்ச் செல்களைப் பார்ப்பவன் நான். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

டாக்டர், இது வெளியிலிருந்து வரும் கிருமியா?

இல்லைங்க, நம் உடம்பின் செல்லேதான். குடலில் எடுத்த சதைக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால், நல்ல செல்கள் வரிசையாக நிற்கும்; ஊதா நிற உட்கருக்கள் அடியில் ஒரே மட்டத்தில் இருக்கும். புற்று வந்த இடத்தில் அந்த வரிசை குலைந்து, உட்கருக்கள் பெருத்துக் கோணலாகிக் கிடக்கும். செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் சுமார் 600 கோடி டிஎன்ஏ எழுத்துகளை நகலெடுக்கிறது. பிழைகள் பெரும்பாலும் அங்கேயே திருத்தப்பட்டுவிடும். திருத்த முடியாத செல்லை பி53 போன்ற காவல் மரபணுக்கள் தடுத்து நிறுத்தும், இல்லை சாகவிடும். அந்தக் காவலும் பழுதாகி, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர பெரும்பாலும் பல வருஷம் ஆகும். வயதானவர்களுக்கு அதிகம் வருவது அதனால்தான்.

அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. நுரையீரலில் எப்படி?

புகையிலைதான் பெரிய காரணம், ஆனால் அது மட்டுமே இல்லை. பிறர் விடும் புகை, காற்று மாசு, கல்நார்த் தூசி, ரேடான் வாயு எல்லாம் உண்டு. வெறும் நகல் பிழையாலும் வரலாம்.

அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய். எனக்கும் வருமா?

புற்றுநோய்களில் 100க்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருபவை. ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பேர் என்பதால் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். முடிந்தால் முதலில் அம்மாவுக்கே பிஆர்சிஏ பரிசோதனை (பரம்பரையாக மார்பகப் புற்றைக் கொண்டுவரும் மரபணுப் பழுது உண்டா என்று பார்ப்பது) செய்வது நல்லது. அவருக்குப் பழுது இருந்தால் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்கள் அண்ணன் தம்பிகளுக்கும் அதே கணக்குதான். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நோயாளியோடு ஒரே தட்டில் சாப்பிடலாமா?

தாராளமாக. புற்றுநோய் ஒட்டாது. ஒட்டுவது சில வைரஸ்கள்தான்: கருப்பைவாய்ப் புற்றுக்கு எச்பிவி, கல்லீரல் புற்றுக்கு ஹெபடைடிஸ் பி. இரண்டுக்குமே தடுப்பூசி இருக்கிறது, தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள்.

என் 4 வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். கர்ப்பத்தில் நான் என்ன தப்பு செய்தேன்?

ஒரு தப்பும் செய்யவில்லை, அம்மா. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றில் பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று கைகாட்டவே முடியாது. அதிகம் காணப்படும் வகைக்கு, முழுச் சிகிச்சையும் கிடைத்தால் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள். சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் போகும். நடுவில் நன்றாகத் தெரிகிறாள் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால், நடு ராத்திரியானாலும் விடியட்டும் என்று இருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.