165 ஹெர்ட்ஸ் எங்கே போச்சு?

கேள்வி: 1440பி, 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டு என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060. பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் மாதிரியேதான் தெரிகிறது. கார்டை மாற்றணுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். கேபிள் மதர்போர்டில் செருகியிருந்தால், கீழே இருக்கும் கார்டின் போர்ட்டுக்கு மாற்றுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளே நல்லது. மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ போர்ட் சில மாடல்களில் 144-ஓடு நின்றுவிடும். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 165-ஐத் தேர்ந்தெடுங்கள். புது மானிட்டரை விண்டோஸ் 60-லேயே விட்டுவைப்பது வழக்கம்தான். மவுஸ் அம்புக்குறியை வேகமாகச் சுழற்றினாலே வித்தியாசம் தெரியும்.

ஆனால் ஒன்று, கனமான புது கேம்களில் கிராபிக்ஸ் தரத்தை அல்ட்ராவில் (உச்சத்தில்) வைத்து நொடிக்கு 165 பிரேம் கேட்டால் 3060 திணறும். கேம் செட்டிங்ஸில் ஷேடோவை மீடியத்துக்கு இறக்கி, டிஎல்எஸ்எஸ்-ஐ (படத்தைச் சிறிதாக வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கும் என்விடியா வசதி) குவாலிட்டியில் போடுங்கள். மானிட்டர் மெனுவில் அடாப்டிவ் சிங்கையும், என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்கையும் ஆன் செய்தால், கார்டு தரும் பிரேம் வேகத்துக்கு மானிட்டர் ஒத்துப்போகும்; 70 பிரேமிலும் படம் குறுக்கே வெட்டுப்பட்டதுபோல் கிழியாது.