நூறு பேரோடு நின்றுவிடும் பட்டியல்

கேள்வி: எங்கள் கால் சென்டர் அமேசான் கனெக்ட் என்ற இணையவழி கால் சென்டர் சேவையில் ஓடுகிறது. ஏஜென்ட்டுகள் 340 பேர். யார் எந்த க்யூவில் (அழைப்பு வரிசையில்) இருக்கிறார்கள் என்ற பட்டியல் தினமும் காலையில் மேலாளருக்குப் போக வேண்டும். அதற்கு லாம்ப்டா ஃபங்ஷன் (நாம் சர்வர் வைக்காமலே அமேசானில் ஓடும் சிறு நிரல்) எழுதினேன். முதலில் 100 பேரோடு நின்றது. அப்புறம் ஒவ்வொருவரின் விவரத்தையும் எடுக்க லூப் போட்டேன், டைமவுட் ஆகிறது (நேரம் தீர்ந்து பாதியில் நிற்கிறது). எங்கே தப்பு, சார்?

பதில்: 100 என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஆட்களின் பட்டியலைக் கேட்கும் லிஸ்ட்யூசர்ஸ், நாம் எண்ணிக்கை சொல்லாவிட்டால், ஒரு பக்கத்துக்கு 100 பேரைத்தான் தரும். மிச்சம் இருந்தால் நெக்ஸ்ட்டோக்கன் என்ற அடையாளம் ஒன்றையும் சேர்த்து அனுப்பும். அதைத் திருப்பிக் கொடுத்து அடுத்த பக்கத்தைக் கேட்க வேண்டும். பக்கத்துக்கு எத்தனை பேர் என்று சொல்லும் மேக்ஸ்ரிசல்ட்ஸை 1000 என்று வைத்தால் உங்கள் ஆட்கள் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுவார்கள். ஆனாலும் டோக்கன் தீரும்வரை கேட்கும் லூப்பை எழுதியே வையுங்கள்.

டைமவுட்டுக்குக் காரணம், புது லாம்ப்டாவுக்குத் தானாகக் கிடைப்பது 3 விநாடிதான். அதை 15 நிமிடம்வரை ஏற்றலாம். ஏற்றினதும் அடுத்த சுவரில் முட்டுவீர்கள். கனெக்டின் பெரும்பாலான ஏபிஐகளுக்குத் (நிரல் கனெக்டிடம் கேட்கும் வழிகளுக்குத்) தொடக்க வரம்பு விநாடிக்கு 2 கோரிக்கை. திடீர் நெரிசலுக்கு 5. அப்படியானால் ஓர் ஆளின் விவரத்தைத் தரும் டிஸ்கிரைப்யூசரை 340 முறை கேட்டு முடிக்க 170 விநாடி ஆகும். அதோடு இந்த வரம்பு ஒரு ரீஜனில் (அமேசானின் சர்வர்கள் உள்ள ஒரு வட்டாரத்தில்) அந்த அக்கவுன்ட் முழுவதற்கும் பொது. பக்கத்து டீம் சோதனைக்கு வைத்திருக்கும் வேறொரு கனெக்ட் இன்ஸ்டன்ஸில் ஏதாவது ஸ்கிரிப்டை ஓட்டினாலும் அடி உங்களுக்கும் விழும்.

ஆள் ஆளாகக் கேட்பதை விடுங்கள். சர்ச்யூசர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயரோடு ரவுட்டிங் ப்ரொஃபைல் (ஒருவருக்கு எந்தெந்த க்யூவிலிருந்து அழைப்பு வரும் என்ற அமைப்பு) ஐடியையும் பக்கம் பக்கமாகத் தந்துவிடும். க்யூ ஒட்டியிருப்பது ஆளிடம் இல்லை, அந்த ப்ரொஃபைலிடம்தான். 340 பேருக்கு உங்களிடம் மிஞ்சிப்போனால் பத்துப் பதினைந்து ப்ரொஃபைல் இருக்குமா? அத்தனை முறை மட்டும் லிஸ்ட்ரவுட்டிங்ப்ரொஃபைல்க்யூஸைக் கேட்டு, ஐடியை வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை சில விநாடிகளில் முடிந்துவிடும். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் ஈவென்ட்பிரிட்ஜில் காலை நேரத்தைக் குறித்து ஓடவிட்டு, கிடைப்பதை அமேசானின் தரவுத்தளமான டைனமோடிபி டேபிளில் எழுதி வையுங்கள்.

டேபிள் எதற்கு, மெயில் போனால் போதாதா என்று கேட்பீர்கள். பட்டியல் நன்றாக வந்ததும் யாராவது, "இதையே கால் வரும்போது ஃப்ளோவில் பார்க்கலாமே" என்பார்கள். ஃப்ளோ என்பது, வரும் அழைப்பு எந்தப் படிகளில் போக வேண்டும் என்று வரைந்து வைப்பது. அப்படிச் சொன்னவன் ஒரு காலத்தில் நான்தான். அழைப்பு வந்ததும் அந்த வாடிக்கையாளருக்கு உரிய ஏஜென்ட்டின் விவரத்தை டிஸ்கிரைப்யூசரிடம் கேட்கும்படி ஃப்ளோவில் லாம்ப்டாவைச் செருகினேன். சோதித்தபோது பிரமாதம். சோதித்தது நான் ஒருவன்தானே! திங்கட்கிழமை காலை அழைப்புகள் கூட்டமாக வந்தன. சிலர் உள்ளே போனார்கள். மற்றவர்கள் எரர் கிளையில் விழுந்து, "மன்னிக்கவும், சற்று நேரம் கழித்து அழையுங்கள்" என்பதைக் கேட்டார்கள். அதைப் பேசிப் பதிவு செய்ததும் நான்தான் என்பதால், அன்று முழுக்க என் குரலே என்னைத் திட்டுவது போல இருந்தது.

மறுமுயற்சி போட்டுச் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் நேரம் இல்லை. பதில் வரும்வரை நிற்கும் வழக்கமான (சிங்க்ரனஸ்) முறையில் ஃப்ளோ ஒரு லாம்ப்டாவுக்காக அதிகபட்சம் 8 விநாடிதான் காத்திருக்கும். ஆகவே கால் பாதையில் உள்ள ஃபங்ஷன் டேபிளை மட்டும் படிக்கட்டும். காலையில் எடுத்த பட்டியல் மதியம் கொஞ்சம் பழசாகிவிடும், உண்மைதான். உறுத்தினால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள்.

கேள்வி: அட்மின் யூசரின் ஆக்சஸ் கீயை (நிரல் உள்ளே நுழையும் ரகசியச் சாவியை) லாம்ப்டாவின் என்விரான்மென்ட் வேரியபிளில் (அதன் அமைப்பு மதிப்புகளில்) வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. கீயே தேவையில்லை. லாம்ப்டாவுக்கு எக்சிகியூஷன் ரோல் (அது என்னென்ன செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பு) கொடுத்தால், தற்காலிக அனுமதி தானாக வந்து சேரும். அந்த ரோலில் கனெக்டின் லிஸ்ட், சர்ச் அனுமதிகளும், சர்ச்யூசர்ஸ் கேட்கும் டிஸ்கிரைப்யூசர் அனுமதியும், அந்த ஒரு டேபிளில் எழுதும் உரிமையும் போதும். அப்டேட், டெலீட் இரண்டையும் சேர்க்காதீர்கள்; பட்டியல் எடுக்கும் ஃபங்ஷன் ஆளை நீக்க வேண்டிய அவசியம் என்ன? பழைய கீயை எடுத்த எடுப்பில் அழித்துவிட வேண்டாம். அனுமதிகளை நிர்வகிக்கும் ஐஏஎம் பக்கத்தில் அது கடைசியாக எப்போது, எந்தச் சேவைக்குப் பயன்பட்டது என்று தெரியும். அதைப் பார்த்துவிட்டு முதலில் முடக்கி வையுங்கள். ஒரு வாரம் யாரும் கத்தாவிட்டால் அழித்துவிடலாம்.