போரில் சாதாரணப் பொருள்களை விநோதமாகப் பயன்படுத்தியது உண்டா?

நிறைய உண்டு, எனக்குப் பிடித்தது தகர டப்பா. முதல் உலகப் போரில், 1915 டிசம்பரில், துருக்கியின் கல்லிப்போலியிலிருந்து ஆஸ்திரேலியப் படை ஓசைப்படாமல் பின்வாங்க வேண்டும், ஆனால் பதுங்குகுழியில் ஆள் இருப்பதாகத் துருக்கியர் நம்பவும் வேண்டும். அதற்கு வில்லியம் ஸ்கர்ரி என்ற வீரர் கண்டுபிடித்தது இது: மேலே, அடியில் ஓட்டை போட்ட தண்ணீர் டப்பா, கீழே துப்பாக்கி விசையில் கயிற்றால் கட்டிய காலி டப்பா. சொட்டுச் சொட்டாக நிரம்பிக் கனம் ஏறியதும் துப்பாக்கி தானாகச் சுடும், அதற்குள் ஆள் கிளம்பியிருப்பார்.

அப்புறம் ஆணுறை. சிரிக்காதீர்கள், 1944இல் பிரான்சின் நார்மண்டியில் கரையிறங்கிய நேச நாட்டு வீரர்கள் தண்ணீரும் மணலும் புகாமலிருக்கத் துப்பாக்கி முனையில் அதைத்தான் மாட்டினார்கள். ஈராக்கில் அமெரிக்க வீரர்கள் பார்ட்டி ஸ்பிரேயை அறைக்குள் பீய்ச்சிப் பார்த்தார்கள். நுரை இழை தரையில் விழாமல் அந்தரத்தில் தொங்கினால் அங்கே வெடிகுண்டுக் கம்பி இருக்கிறது, இழை அவ்வளவு இலேசு என்பதால் கம்பி அசையாது.